அறைக்குள் ஆடிய தோட்டா

அண்ணனைக் காவலில் வைத்துக் கம்பிக் கதவைச் சாத்தியபோது சின்னு வெளியே நின்றிருந்தாள். மனசளவில் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டதாகப் பேர் பண்ணி, சில ராத்திரிகள் படுத்து எழுந்து, பல் லேப்பில் வேலைக்கு உட்கார்ந்த பிறகும் அந்தக் கதவு அவள் கண்ணை விட்டு நகரவில்லை.

நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடலாம். அண்ணனுக்குப் பழைய துப்பாக்கி சேர்க்கும் பைத்தியம். சேர்ப்பான், துடைப்பான், சுவரில் மாட்டி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான். சுட்டதில்லை. பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவன் எங்கே சுடுவது? கடைசியாக ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போடுகிற பழைய சாதி. அடியில் உள்ள நெம்புகோலை இறக்கினால் பின்பக்கத்து இரும்புக் கட்டை கீழே இறங்கி வாய் திறக்கும். செய்தவன் பெயர் கிடையாது, முத்திரை தேய்ந்திருந்தது, குழலில் இருந்த எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான்.

பிறகுதான் இடி விழுந்தது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த குடித்தனக்காரரின் விலாவைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போனது. போன குண்டு கிடைக்கவில்லை. மனுஷர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். போலீஸ் வந்தபோது அண்ணனின் சுவரில் துப்பாக்கி தொங்கியது.

இன்றைக்குத் தோட்டா கிடைக்காத பழைய துப்பாக்கி என்றால் சட்டத்தின் கணக்கில் அது அலங்காரப் பொருள். கிடைக்கும் என்றால் ஆயுதம். அண்ணனோ, துப்பாக்கி சேர்ப்பவர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று, என் துப்பாக்கிக்குள் போகிற தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நண்பரிடம் அப்படி ஒரு தோட்டாவையும் வாங்கி வைத்திருந்தான். அந்த ஒரே தோட்டாவை இப்போது காணோம். எங்கே போனது என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. யார் நம்புவார்கள்?

பரிசோதகரின் அறிக்கை இன்று சாயங்காலம் கோர்ட்டுக்குப் போகிறது. அது ஆயுதம் என்று எழுதிவிட்டால் அண்ணன் வெளியே வருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

இந்த நிலைமையில் சின்னு பல் செட் செய்துகொண்டிருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோஸ் நிற மெழுகுத் தகட்டை விளக்கில் காட்டி இளக்கி, ஈறு மாதிரி வளைத்து, யாரோ ஒருவருடைய வாய்க்குப் பல் வரிசை நட்டாள். கடை மெழுகு வெயிலுக்கு இளகிவிடுகிறது என்று அதில் கொஞ்சம் மஞ்சள் மெழுகு கலந்து உருக்குவது அவளுடைய வழக்கம். அதனால் அவள் மெழுகு மட்டும் கொஞ்சம் வெளிறிய ரோஸாக இருக்கும். பல் டாக்டர்கள் நிறத்தைப் பார்த்தே அவள் வேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்போது ஒரு கிளினிக்கிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தாள். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு, ஈரத்துணி சுற்றாமல் காய்ந்து கிடந்தது. வழக்கமாகக் கோபப்படாதவள், போனை எடுத்துப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"இந்தப் பொடியில எடுத்த அச்சு காத்துப் பட்டா சுருங்கிடும்னு எத்தனை வாட்டி சொல்றது? இத நம்பி நான் பல் செஞ்சா சின்னதா வரும். வாய்க்குள்ள ஆடும்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. அந்தப் பக்கத்துப் பெண் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, சின்னு போனை மேசையில் வைத்தாள்.

அண்ணனின் துப்பாக்கிக்கு அச்சு எடுத்துக் கொடுத்ததே அவள்தான். தோட்டா உட்காருகிற அறையின் அளவு தெரிந்தால் துப்பாக்கியின் வயதே தெரிந்துவிடும் என்று அவன் நச்சரித்ததால், வாய்க்கு எடுக்கிற அதே பொடியைக் கரைத்து ஊற்றி, அழகாக எடுத்துக் கொடுத்தாள். உடனே அள என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். உடனே அளந்தானா?

வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. அண்ணி. காலை நடையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். அண்ணி வேன் ஓட்டுகிறவள். எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்பிவிடுவாள், யாரிடமும் வழி கேட்க மாட்டாள். இந்தச் சில நாட்களில் முகம் சுண்டிப்போயிருந்தது. எல்லா நாளும் போல இன்றும் உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, அந்த ஆள் கண்ணைத் திறந்தாரா என்றுதான். அவர் செத்துப்போனால் கொலைக் கேஸாகிவிடும் என்ற பயம் என்று சின்னு நினைத்துக்கொண்டாள். தனக்கும் அதே பயம்தான்.

"அண்ணி, நான் எடுத்துக் குடுத்த அச்ச அண்ணன் எப்ப அளந்தான்?"

அண்ணி நெற்றியைச் சுருக்கினாள். "எங்க அளந்தாரு? நாலஞ்சு நாள் மேசை மேலயே வச்சுக் கொஞ்சிட்டு இருந்தாரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாரு. அப்புறமாதான் அளந்தாரு."

சின்னு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சுருங்கிய அச்சை அளந்து, சின்னத் தோட்டாவின் பெயரைச் சொல்லி, ஊரைக் கூட்டி அறிவித்து, தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டிருக்கிறான். நிஜமான அறை அதைவிடப் பெரியது. அதற்கான தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. அண்ணனிடம் இருந்தது அலங்காரப் பொருள். கடைசியாகப் போனில் பேசியபோதுகூட, வாங்கிய தோட்டா உள்ளே போனாலும் ஆடுகிறது, எங்கோ தப்பு, வந்து மறுபடி அச்சு எடு என்று சொன்னானே. லேப் வேலை குவிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாளே இவள். அதை நினைத்தபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இப்பவே போய் மறுபடி எடுக்கணும் அண்ணி. இந்த வாட்டி ரப்பர்ல. அது சுருங்காது."

அண்ணியின் முகம் மலரும் என்று பார்த்தாள். மலரவில்லை.

"வேண்டாம் சின்னு. உள்ள சிக்கிக்கிட்டு வராமப் போச்சுன்னா? துப்பாக்கியே நாசமாயிடும். அவரு உன்ன மன்னிக்கவே மாட்டாரு. வக்கீல் வேற வழி ஏதாவது பார்ப்பாரு."

"வக்கீல் கைய விரிச்சாச்சு."

அண்ணி கொஞ்ச நேரம் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு போய் வண்டியைக் கிளப்பினாள்.

ரப்பர் குழம்பும், அதை இறுக வைக்கிற சின்னக் குழாயும், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் சின்னுவின் மடியில் இருந்தன. இறுக்குகிற குழாயில் கடைசிப் பிதுக்கல்தான் மிச்சம். புதிதாக வாங்கப் போனால் சாயங்காலம் ஆகிவிடும். வழியில் வக்கீலைக் கெஞ்சி, பரிசோதகரிடம் ஒரு வார்த்தை சொல்ல வைத்தாள். அண்ணி நேர் வழியை விட்டு ஆஸ்பத்திரிச் சாலையில் திருப்பியதைக்கூட முதலில் கவனிக்கவில்லை. ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, அங்கே நெரிசல் என்றாள் அண்ணி. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி மெதுவாகி, மறுபடி வேகம் எடுத்தது.

சின்னுவின் காதருகே ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. போன மாதம் இதற்காகத்தான் அண்ணி ஒரு தகடு மெழுகு கேட்டு வாங்கிப் போனாள், சந்தில் வைத்து அடைக்கிறேன் என்று. ஜன்னல் சட்டத்தில் மெழுகின் சுவடே இல்லை. விழுந்திருக்கும் என்று நினைத்து, சின்னு கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் அவள் தலைக்குள் போய் அடித்தது.

ஆயுதப் பரிசோதனை அலுவலகம் எண்ணெய் வாடையும் பழைய காகித வாடையுமாக இருந்தது. பரிசோதகர் தாழ்ந்த குரல்காரர். இரும்பைத் தொடுமுன் கையைத் துணியில் துடைப்பார், தொட்ட பின்னும் துடைப்பார். அண்ணியைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, சின்னுவை மட்டும் உள்ளே விட்டார்.

நீங்கள் அவருடைய தங்கை, உங்களை இதன் பக்கத்திலேயே விடக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். உருக்கி ஊற்றி அச்சு எடுக்கிற உலோகம் அலுவலகத்தில் தீர்ந்துபோய் எழுதிப் போட்டிருக்கிறார்கள், எப்போது வரும் என்று தெரியாது. வந்த பிறகு ஒருவேளை உங்கள் அண்ணன் சொன்னது தப்பு என்று தெரிந்தால் எனக்குத்தான் தூக்கம் போகும், அதனால் சம்மதிக்கிறேன் என்றார். துப்பாக்கியை அவர்தான் பிடிப்பார். ரப்பரை அவள் ஊற்றலாம், அவர் கண்ணெதிரே. ஒரே தடவை.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா. அவர் சொன்ன தோட்டா உள்ள போகுது. கடையில ஒண்ணு வாங்கி நானே போட்டுப் பார்த்தேன்."

"போகும் சார். பெரிய செருப்புக்குள்ள சின்னக் காலு போகத்தானே செய்யும்?"

அவர் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கி உறையின் அரக்கு முத்திரையை உடைத்தார்.

நெம்புகோல் இறங்கியது. கட்டை கீழே போய், அறையின் வாய் தெரிந்தது. முன்பக்கம் ரப்பர் ஓடாமலிருக்கத் துணியைத் திணித்து அடைத்தார்கள். சின்னு ரப்பரைக் குழைத்தாள். சிரிஞ்சை உள்ளே விட்டு, ஆழத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, நடுவில் இழுப்பதற்கு ஒரு கம்பியைச் செருகினாள். கண்ணாடிக்கு வெளியே அண்ணி உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் குளிர் இருந்ததால் நேரம் பிடித்தது. சும்மா இருக்க முடியாமல், ஆடுகிற தோட்டாவைப் போட்டால் வெடிக்குமா என்று சின்னு கேட்டாள். வெடிக்காது என்று சொல்வார், அண்ணன் சுட்டிருக்கவே முடியாது என்று அவர் வாயாலேயே வரும் என்ற நப்பாசை.

"சும்மா போட்டா கீழ சாஞ்சு கிடக்கும். அடிக்கிற ஊசி நடுவுல படாது, வெடிக்காது," என்றார் அவர். சின்னுவுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "சுத்திலும் ஏதாவது வச்சு நடுவுல நிக்க வச்சா வெடிக்கும். துணியோ காகிதமோ வச்சிருந்தா எரிஞ்ச தடம் இருக்கும். குழல் சுத்தமா இருக்கு, எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கு. உங்க அண்ணன் எப்பவுமே துடைக்கிறவராம். அதனால அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல."

பிறகு அவர் தலையசைத்தார். சின்னு கம்பியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். ரப்பர் நீண்டது, விடவில்லை. உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டிருந்தது. கிழிந்து பாதி உள்ளே நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. கடவுளே, இவன் பைத்தியக்காரன், ஆனால் கெட்டவன் இல்லை, இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடு என்று மனசுக்குள் மன்றாடினாள். பல் செட்டைக் கழற்றுகிறபோது செய்வதுபோல, இழுக்காமல் மெல்லத் திருகினாள். பிசுக்கென்று ஒரு சத்தம். அச்சு முழுசாக அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"வந்துடுச்சு," என்றாள்.

"இருங்க, அளவுகோல் எடுக்கறேன்," என்று பரிசோதகர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

கண்ணுக்கே தெரிந்தது. பரிசோதகர் வாங்கி மேசையில் வைத்திருந்த தோட்டாவைவிட இது நன்றாகவே பருமன். அண்ணன் பிழைத்தான். அவனுடைய துப்பாக்கிக்குத் தோட்டா இந்த உலகத்தில் கிடையாது. சின்னு அச்சைத் திருப்பினாள்.

முன்பக்கத்து விளிம்பில், உள்ளே பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு சின்ன வளையத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது. மறு ஓரம் ரோஸ். கொஞ்சம் வெளிறிய ரோஸ்.

அவள் முதல் தடவை எடுத்த அச்சில் அது இல்லை. அந்த அச்சு வழித்துவிட்டாற்போலச் சுத்தமாக வந்தது, அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ மெழுகை இளக்கி, சின்னத் தோட்டாவைச் சுற்றி வளைத்து, ஆடாமல் நடுவில் நிற்க வைத்திருக்கிறார்கள். அவளுடைய மெழுகு. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத மெழுகு. அதை அவள் அண்ணனுக்குக் கொடுத்ததே இல்லை.

தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி அச்சைப் பார்க்கவில்லை, சின்னுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அண்ணியா? எதற்கு? ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷருக்கும் அண்ணிக்கும் என்ன? சின்னுவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தத் துணுக்கைக் காட்டினால், ஆடுகிற தோட்டாவும் வெடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. துப்பாக்கி அண்ணனுடையது, தோட்டா அண்ணனுடையது, மெழுகு தங்கையுடையது. யாரும் அண்ணியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தான் சொன்னாலும் எடுபடாது. காட்டாவிட்டால், கண் திறக்காமல் கிடக்கிறவருக்குத் துரோகம். அலமாரிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

கட்டைவிரல் நகத்தால் ஒரே கீறல். துணுக்கு பெயர்ந்து நகத்துக்குள் ஏறிக்கொண்டது.

பரிசோதகர் அளந்தார். பின்பக்கம் அளந்தார், முன்பக்கம் அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். அவர் முகம் இளகியது.

"இங்க ஒரு பள்ளம் இருக்கே?"

"காத்துக் குமிழி சார். ரப்பர்ல வர்றதுதான்."

"உங்க நகத்துல என்ன?"

"மெழுகு," என்றாள் சின்னு. "எங்க வேலைல அது கைய விட்டுப் போகாது."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. நல்ல மனுஷர். அவர் கண்ணெதிரே செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அறிக்கை மாறியது. வக்கீல் குதித்துக்கொண்டு வந்தார். தோட்டா பொருந்தாத துப்பாக்கியை வைத்து ஒருவனை எத்தனை நாள் அடைத்து வைப்பீர்கள் என்று கோர்ட்டில் கேட்டார். வெயில் சாய்வதற்குள் அண்ணன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். தாடி முளைத்து, சட்டை கசங்கி, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றான். அவன் பிடித்த கையின் கட்டைவிரலை மட்டும் சின்னு மடக்கி வைத்துக்கொண்டாள்.

வேனில் அண்ணன் முன்னால், அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்னு பின்னால், காலையில் உட்கார்ந்த அதே இடத்தில். நகத்தைச் சுரண்டிப் பார்த்தாள். துணுக்கு உள்ளே போய்விட்டிருந்தது, வலித்தது.

"கிளம்பும்போது சொன்னாங்க," என்றான் அண்ணன், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியபடி. "அந்த ஆளு கண்ணத் தொறந்துட்டாராம். நாளைக்குப் பேச வச்சுருவாங்களாம். யாரு சுட்டதுன்னு அவரே சொல்லிட்டா நம்ம தொல்லை விட்டுது."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அண்ணி மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மறுபடி கிளப்பினாள். நெடுநாள் ஓட்டிப் பழகிய கை, கியர் மாற்றும்போது தடுமாறியது.

ஜன்னல் கடகடவென்று ஆடத் தொடங்கியது. இந்தத் தடவை சின்னு அதைப் பிடிக்கவில்லை.

"இந்தச் சத்தம் தாங்கலியே," என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "இதுக்கு ஏதாவது வச்சு அடைக்கக் கூடாதா?"

கண்ணாடியில் அண்ணியின் கண்கள் சின்னுவைத் தேடிப் பிடித்தன.

"சின்னுகிட்ட மெழுகு கேட்டிருக்கேன்," என்றாள் அண்ணி. "இன்னும் தரல. தருவா."